ரேணிகுண்டா விமான நிலையத்தில் வெங்காயமில்லாத சாப்பாடு தேடிய கதை

புத்தூரில் தனியாக இருக்கும் நைனாவை (எங்கள் பக்கம் அப்பாவுக்கு அதுதான் பெயர்) ஹைதராபாத்தில் என் வீட்டுக்குக் கூட்டிப்போகத்தான் இந்தப் பயணம். வெள்ளிக்கிழமை திருமலையில் தரிசனம், சனிக்கிழமை காலை 11.40க்கு விமானம். புரட்டாசிச் சனி, நைனாவுக்கு விரதம். வெங்காயம், பூண்டு, முட்டை எதுவும் ஆகாது. எழுபத்தொரு வயது, சர்க்கரை வேறு.

திருப்பதி லாட்ஜுக்குக் கீழே டிபன் கடையில் அடிதடிக் கூட்டம். ஏர்போர்ட்டில் இட்லி கிடைக்காமலா போகும் என்று 9.05க்கு நானே அவருக்கு இன்சுலின் போட்டுவிட்டு டாக்ஸி ஏறினேன். பதினைந்து கிலோமீட்டர், 650 ரூபாய். வழியில் நிறுத்திச் சாப்பிட்டுப் போங்கள் என்று பாகாலா ஊர்க்கார டிரைவர் இரண்டு தடவை சொன்னார். எனக்கு எல்லாம் தெரியுமே, கேட்கவில்லை.

செக்கிங் முடிந்து உள்ளே போகும்போது 10.10. இருந்தது ஒரே ஒரு சின்னக் கடை. இட்லி தீர்ந்துவிட்டதாம். 280 ரூபாய் சாண்ட்விச்சில் வெங்காயம், பப்ஸில் வெங்காயம், கேக்கில் முட்டை. டீ மெஷின் ரிப்பேர். சரி, ஜூஸாவது குடியுங்கள் என்றால், பாட்டில் இருக்கிற ஃப்ரிட்ஜில் சிக்கன் ரோலும் இருக்கிறது, வேண்டாம் என்கிறார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அதற்குள் அவர் நெற்றியெல்லாம் வேர்த்து, விரல்கள் நடுங்க ஆரம்பித்துவிட்டன. ஊசி போட்டவள் நான். வெறும் வயிற்றில் சர்க்கரை இறங்கிக்கொண்டிருந்தது.

பையில் லட்டு இருந்தது. பிரித்து நீட்டினேன்.

"நாலு பேருக்குக் குடுக்காம எப்படிம்மா துன்றது?"

பிரசாதத்தை ஊருக்குக் கொண்டுபோய், சாமி முன்னால் வைத்து, பங்கிட்ட பிறகுதான் எங்கள் வீட்டில் வாயில் போடுவார்கள். இங்கேயே சாமியைக் கும்பிட்டுக்கொண்டார். பங்கிடுவதை மட்டும் விடவில்லை. நானும் கையை நீட்டினேன், வீட்டாள் கணக்கில் சேராதாம். நடுங்கும் கையால் கிள்ளிக்கிள்ளி, முன்னால் உட்கார்ந்திருந்த புருஷன் பெண்டாட்டிக்குக் கொடுத்தார். கடைக்காரப் பெண்ணுக்குக் கொடுத்தார். நாலாவதாகக் கிடைத்தவர் சிக்கன் ரோல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு, "ஐயா, நான் கறி துன்னுக்கினு இருக்கேன்" என்றார்.

"அதனால இன்னா? விரதம் எனக்குத்தான், உனக்கு இல்லியே. வாங்கிக்க."

அவர் வாங்கி வாயில் போட்ட பிறகுதான் நைனா தன் பங்கைத் தின்றார். கால் மணி நேரத்தில் நடுக்கம் நின்றது. அந்தக் கால் மணி நேரம் நான் அவர் மணிக்கட்டை விடவே இல்லை.

விரதக்காரரோடு போகிறவர்கள் ஊரிலேயே சாப்பிட்டுவிடுங்கள். தட்டில் சாப்பாடு வந்து விழாமல் ஊசியைத் தொடாதீர்கள். சர்க்கரைப் பொட்டலம் ஒன்று சட்டைப்பையில் இருக்கட்டும்.

நாங்கள் வந்து சேர்ந்து பத்து நாளாகிறது. பயணம் எப்படி இருந்தது என்று போனில் கேட்பவர்களிடமெல்லாம், ஏர்போர்ட்டில் நாலு பேருக்கு லட்டு கொடுத்தோம் என்கிறார் நைனா. ஊசியைப் பற்றி இதுவரை ஒருவரிடமும் வாய் திறக்கவில்லை.