இருநூற்றுப் பதினாறாவது மாதம்

பிப்ரவரி இருபத்தெட்டு, சனிக்கிழமை காலை. நடீன் ஹால்பெக் தன் தூண்டில் கோலின் வளையங்களுக்கு உதட்டுக் களிம்பு பூசிக்கொண்டிருந்தாள். தன் உதட்டுக்குப் பூசிக்கொள்ளவில்லை. அது நவம்பரிலேயே வெடித்துவிட்டது, ஏப்ரலில் பார்த்துக்கொள்ளலாம். வளையங்களுக்கு அந்தப் பொறுமை கிடையாது. ஆற்றில் நனைந்த தூண்டில் நரம்பு நாலு வீச்சு போய் வருவதற்குள் வளையம் முழுக்க ஐஸ் அடைத்துக்கொள்ளும். களிம்பு பூசினால் எட்டு வீச்சு தாங்கும். அந்த உபரி நாலு வீச்சுக்காக அவள் செர்ரி வாசனைக் களிம்பை டஜன் கணக்கில் வாங்குவதைப் பார்த்துவிட்டு, மருந்துக்கடைக்குப் புதிதாக வந்த பெண், பஸ் ஓட்டும் அம்மாவுக்குக் காதலன் இருக்கிறான் என்று ஊரெல்லாம் பரப்பிவிட்டாள்.

காதலன் எவனும் இல்லை. கணவன் ஒருவன் இருந்தான், ரஸ் என்று பெயர். பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு பிப்ரவரியில், மான்டானாக் குளிர் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று அரிசோனாவுக்குப் போனவன், அங்கே வெயிலும் வேறு சில வசதிகளும் ஒத்துக்கொண்டதால் திரும்பவில்லை. அவன் விட்டுப்போனதில் உருப்படியானவை இரண்டுதான்: ஒரு தூண்டில் கோல், நெஞ்சுவரை ஏறும் ஒரு ரப்பர் கால்சட்டை. நடீன் ஒரு வாரம் அழுதாள். மார்ச் பிறந்ததும் அந்தக் கால்சட்டைக்குள் புகுந்து, தொளதொளத்ததைக் கயிற்றால் இறுக்கிக் கட்டிக்கொண்டு, அணைக்குக் கீழே ஆற்றில் இறங்கினாள். மற்ற இடமெல்லாம் பாறையாக உறைந்து கிடந்தாலும் அங்கே மட்டும் தண்ணீர் ஓடும். அன்று ஒரு ட்ரவுட் மீன் மாட்டியது. அடுத்த மாதமும் மாட்டியது. அப்புறம் ஒரு மாதம்கூட அவள் தவறவிட்டதில்லை.

முதல் நாள் அவள் பக்கத்தில் நின்று, இருபது தடவை சிக்கிய நரம்பை இருபது தடவையும் முணுமுணுக்காமல் பிரித்துக் கொடுத்தவன் ஓரின். நடீனின் தங்கை மாவிஸைக் கட்டியவன். அவனும் அதே மார்ச்சில்தான் மாதக் கணக்கைத் தொடங்கினான்.

மாதக் கணக்கு எங்கள் ஊரில் பெரிய விஷயம். ஒவ்வொரு மாதமும் ஒரு ட்ரவுட்டாவது பிடிக்க வேண்டும். புழு கூடாது. கொக்கியில் நூலும் இறகும் சுற்றிச் செய்த பொய்ப்பூச்சியில்தான் பிடிக்க வேண்டும். கைவலைக்குள் வந்தால்தான் பிடித்ததாக அர்த்தம், வந்ததும் விட்டுவிடலாம். பிறகு எமெட்டின் பெட்ரோல் பங்க் கடைக்குப் போய், காபி இயந்திரத்துக்குப் பக்கத்தில் தொங்கும் காலண்டரில் அந்தத் தேதிக்குள் பென்சிலால் பெயரை எழுத வேண்டும். சாட்சி வேண்டாம், போட்டோ வேண்டாம். எழுதினால் எழுதியதுதான். நாள் முழுக்க மீனிடம் பொய் சொல்லிப் பிழைக்கிற ஆட்கள் அந்தக் காலண்டரிடம் மட்டும் பொய் சொன்னதில்லை. நீளத்தைப் பற்றிச் சொல்லும் பொய் வேறு, அது எழுத்தில் ஏறுவதில்லை.

முதல் ஒன்பது வருஷம் நடீனும் ஓரினும் சமமாகவே வந்தார்கள். சேர்ந்தே ஆற்றுக்குப் போவார்கள், ஒரே ஃப்ளாஸ்கில் சூப்பு குடிப்பார்கள், ஒருவரை ஒருவர் வாரிக்கொண்டே திரும்புவார்கள். நூற்றெட்டாவது மாதமும் இதே போல ஒரு பிப்ரவரிதான், அதுவும் கடைசி நாள். நடீன் பத்தாம் தேதியே முடித்துவிட்டாள். சாயங்காலம் ஓரின் மூக்கு சிவக்கக் கடைக்குள் வந்து பெயரை எழுதினான். காபியோடு நின்றிருந்த நடீன் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை.

"என்ன மீன் ஓரின்?" என்று கேட்டாள்.

அதுவரை யாரும் யாரையும் அப்படிக் கேட்டதில்லை. கேட்டால் பொய் சொல்லும் பழக்கம் ஓரினுக்கும் இல்லை. "வெள்ளை," என்றான்.

வெள்ளை மீன் எங்கள் ஆற்றில் குளிர்காலம் முழுக்கக் கிடைக்கும். மிட்டாய் சப்புகிற மாதிரி சின்ன வாய், புள்ளியும் கிடையாது, நிறமும் கிடையாது. ட்ரவுட்டுக்குப் போட்ட பூச்சியை இது வந்து கவ்விக்கொண்டால் பாதிப் பேர் முகத்தைச் சுளிப்பார்கள். ஆனால் எழுதக் கூடாது என்று யாரும் சொன்னதில்லை. எழுதலாம் என்றும் சொன்னதில்லை.

"வெள்ளைய எழுதலாம்னா, நாளைக்கு நான் தவளையப் புடிச்சிட்டு வந்து எழுதுவேன்," என்றாள் நடீன்.

வெள்ளையும் ட்ரவுட் குடும்பம்தான், அரசாங்கப் புத்தகத்திலேயே போட்டிருக்கிறது என்று ஓரின் சொல்லிப் பார்த்தான்.

"என் தங்கச்சியக் கட்டிக்கிட்டு நீயுந்தான் எங்க குடும்பத்துக்கு வந்த. அதனால அழகு வந்துச்சா?"

கடையே குலுங்கியது. எமெட் சிரித்துக்கொண்டே ரப்பரை எடுத்து ஓரினின் பெயரை அழித்தான். ஓரினும் சிரித்தான். ஆனால் மார்ச்சில் அவன் ஆற்றுப் பக்கம் வரவில்லை, ஏப்ரலிலும் வரவில்லை. கோலைக் கொண்டுபோய்க் கார் கொட்டகையின் உத்தரத்தில் சொருகிவிட்டு, பனிச்சறுக்கு வண்டிகளைப் பழுது பார்க்க ஆரம்பித்தான். நன்றி தெரிவிக்கும் நாளில் ஒரே மேசையில் உட்கார்ந்து வான்கோழி தின்பார்கள், சாஸை எடுத்துக் கொடுப்பார்கள், மீன் பேச்சை மட்டும் எடுக்கமாட்டார்கள். தோற்றவன் மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டிருக்கிறான் என்று நடீன் நினைத்தாள். ஒன்பது வருஷமாக அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

இந்த பிப்ரவரி அவளைப் பாடாய்ப் படுத்தியது. மாதத்தில் பாதி மைனஸ் இருபதில் கிடந்தது. காலையில் பள்ளிப் பேருந்தைக் கிளப்புவதற்கே அவளுக்கு உயிர் போய் உயிர் வந்தது. ஐந்து தடவை ஆற்றுக்குப் போய் ஐந்து தடவையும் வெறுங்கையோடு வந்தாள். பேருந்தில் ஏறும் பிள்ளைகளே, "மிஸ், இன்னும் இல்லியா?" என்று துக்கம் விசாரித்தார்கள். இன்று பிடித்தால் பதினெட்டு வருஷம் முழுசு, இருநூற்றுப் பதினாறு மாதம். பிடிக்காவிட்டால் எல்லாம் போச்சு, மறுபடி சைபர். அணைக்கு வண்டி ஓட்டும்போது வழி முழுக்க வேண்டிக்கொண்டாள். அரிசோனா போனவனுக்காகக்கூட அவள் இப்படி வேண்டிக்கொண்டதில்லை.

பத்து மணிக்குத் தண்ணீரில் இறங்கினாள். கரையில் கிடந்த பனிமேல் கடுகளவு பூச்சிகள் ஊர்ந்துகொண்டிருந்தன. அதே கடுகளவில் ஒரு பொய்ப்பூச்சியைக் கட்டுவதற்குள் விரல் பத்தும் மரத்துப் போயின. வீசினாள். ஐஸைத் தட்டினாள். மறுபடி வீசினாள். ஒரு மணிக்கு நரம்பு சட்டென்று நின்றது. ட்ரவுட்டேதான். விலாவில் ஓடிய சிவப்புக் கோட்டை அவள் கண்ணால் பார்த்தாள். வலையை நீட்டினாள். அது வலையின் விளிம்பில் ஒரு முட்டு முட்டி, கொக்கியைத் துப்பிவிட்டு, அவசரமே இல்லாமல் நீந்திப் போனது. நடீன் அதைத் திட்டிய திட்டை எழுதினால் மாதாகோயில் பக்கம் நான் தலை காட்ட முடியாது.

வெயில் மலைக்குப் பின்னால் இறங்கத் தொடங்கியபோது இன்னொன்று மாட்டியது. கனமாக, ஆழத்தில் நின்று இழுத்தது. பொழுது சாயச் சாய அவள் அதோடு கெஞ்சினாள், கொஞ்சினாள், போன தடவை செய்த மாதிரி அவசரப்படாமல் அங்குலம் அங்குலமாகக் கொண்டுவந்தாள். வலைக்குள் வந்தது. சின்ன வாய். புள்ளி இல்லை.

"நீயா?" என்றாள் நடீன்.

வெள்ளை வாயைத் திறந்து திறந்து மூடியது. நல்ல கொழுத்த மீன். இந்தக் குளிரில் தன்னால் முடிந்த மட்டும் நன்றாகவே சண்டை போட்டிருந்தது. அவள் கொக்கியை எடுத்துவிட்டு அதைத் தண்ணீரிலேயே கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தாள். சுற்றுமுற்றும் ஒரு ஜீவன் இல்லை. கடைக்குப் போய்ப் பெயரை எழுதினால் யாரும் ஒரு வார்த்தை கேட்கப்போவதில்லை. இந்த ஊரில் என்ன மீன் என்று கேட்ட ஒரே ஆள் அவள்தான்.

மீனை விட்டாள். பிறகு வீசினாள், இன்னும் வீசினாள், பூச்சி எங்கே விழுகிறது என்றே தெரியாத அளவுக்கு இருட்டியதும் கரையேறினாள்.

எமெட்டின் கடையில் ஒரு கூட்டமே காத்திருந்தது. எமெட்டின் மனைவி கேக் செய்து, அதன்மேல் நீல கிரீமில் 216 என்று எழுதி, பக்கத்தில் ஒரு மீனையும் வரைந்திருந்தாள். மூலையில் ஓரின் நின்றிருந்தான். மாவிஸ் பால் வாங்க அனுப்பினாள் என்றான். பால் வாங்க வந்தவன் இரண்டு காபி குடித்து முடித்திருந்தான்.

"எழுதும்மா, கேக்கு காயுது," என்று எமெட் பென்சிலை நீட்டினான்.

என்ன மீன் என்று யாரும் கேட்கவில்லை. ஓரின் கேட்டிருக்கலாம். ஒன்பது வருஷம் காத்திருந்தவனுக்கு அந்த உரிமை உண்டு, கேட்டிருந்தால் கடை இன்னொரு தடவை குலுங்கியிருக்கும். அவன் காபியில் இல்லாத சர்க்கரையைக் கலக்கிக்கொண்டு கோப்பையையே பார்த்தான்.

"வெள்ளை," என்றாள் நடீன்.

"என்னது?"

"புடிச்சது வெள்ளை. ட்ரவுட்டு ஒண்ணு வலை வரைக்கும் வந்துட்டுப் போயிருச்சு."

எல்லோரும் கேக்கைப் பார்த்தார்கள்.

"அதுவும் ட்ரவுட்டுக் குடும்பந்தான்," என்று மூலையிலிருந்து குரல் வந்தது. "கவர்மென்ட் புத்தகத்துலயே போட்டிருக்கு. எழுது நடீன்."

நடீன் அவன் முகத்தைப் பார்த்தாள். நக்கல் இருக்கிறதா என்று தேடினாள். நக்கலாக இருந்திருந்தால் அவளுக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும். இல்லை. அவன் நிஜமாகவே அவளுக்காகப் பேசினான். அன்றைக்குத் தனக்காகப் பேசிய அதே வாக்கியத்தை, ஒரு வார்த்தை மாற்றாமல். அவளுக்கு அவமானமாக இருந்தது. ஆற்றில் விறைத்துப்போன காது குபீரென்று சூடானது.

ஆமாம், எழுது எழுது என்று எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். நடீன் பென்சிலை வாங்கினாள். எமெட் பழைய காலண்டர்களைத் தூக்கிப் போடுகிற ஆள் இல்லை, ஒன்றன்மேல் ஒன்றாக அதே ஆணியில் மாட்டிக்கொண்டே வருவான். அவள் ஒவ்வொன்றாகப் புரட்டினாள். ஒன்பது காலண்டருக்கு அடியில் அந்த பிப்ரவரி இருந்தது. கடைசிக் கட்டத்தில் ரப்பர் தேய்த்த அழுக்கும், அதற்குள்ளே அழுத்தி எழுதிய பென்சிலின் பள்ளமும் இன்னும் இருந்தன. அந்தப் பள்ளத்தின் மேலேயே ஓரின் என்று எழுதினாள்.

"என்ன பண்றம்மா?" என்றான் எமெட்.

"இவன் அன்னிக்குப் புடிச்சப்போ வெள்ளை கூடாதுன்னு சட்டமே கெடையாது. எழுதினதுக்கு அப்புறந்தான் நான் கெளப்பினேன். அதனால இவனோடது செல்லும். இன்னிக்கு என்னோடது செல்லாது. சட்டம் போட்டவ நான்தானே."

ஓரின் காலண்டருக்குப் பக்கத்தில் வந்து பார்த்தான். "அதுக்கப்புறம் நான் போகவே இல்லியே. இப்ப எழுதி என்ன பிரயோஜனம்?"

"போகாதது உன் சோம்பேறித்தனம். அதுக்கு நானா பொறுப்பு?" என்றாள் நடீன். பிறகு பென்சிலை எமெட்டிடம் கொடுத்துவிட்டு, "இல்ல ஓரின். அதுக்கும் நான்தான் பொறுப்பு. நீ இல்லாம ஒன்பது வருஷமா சூப்பு மீந்துபோவுது," என்றாள்.

ஓரின் கோப்பையைக் கீழே வைத்தான்.

"நாளைக்கு மார்ச் ஒண்ணு," என்றாள். "எனக்கும் சைபர், உனக்கும் சைபர்."

கேக்கை எண் எண்ணாக வெட்டினார்கள். இரண்டை எமெட் தின்றான், ஆறு எங்கே போனதென்று தெரியவில்லை. ஒன்று ஓரினின் தட்டுக்கு வந்தது.

ஓரினின் கோல் உத்தரத்திலிருந்து இறங்கியது. ரப்பர் பூட்ஸுக்குள் எலி மூன்று தலைமுறையாகக் குடும்பம் நடத்தியிருந்தது. அதையெல்லாம் தாண்டி, மார்ச் இரண்டாம் தேதியே அவன் ஒரு ட்ரவுட் பிடித்துத் தொலைத்தான். தன் பெயரை இரண்டு கட்டத்துக்கு நீளுகிற மாதிரி எழுதினான். நடீனுக்கு மீன் மாட்டாமலே மாதம் ஓடிக்கொண்டிருந்தது. தினமும் ஆற்றில் நின்று அவனுடைய அறிவுரையைக் கேட்பதைவிட அரிசோனாவே மேல் என்று தங்கையிடம் குறைப்பட்டுக்கொண்டாள். கடைசியில் இருபத்தேழாம் தேதி, அணைக்கு மேலே இருக்கிற ஏரியில் பனிப்பலகை கரையைவிட்டு இரண்டு ஆள் நீளம் விலகியிருந்த இடத்தில், அந்த விளிம்பை ஒட்டி மேய்ந்த ஒரு மீன் அவள் பூச்சியை எடுத்தது. ஓரின் அப்போது வண்டியில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். அவள் எழுப்பவில்லை. வலையைக் கழுவிக் காயவைத்த பிறகுதான் எழுப்பினாள்.

கடையில் நடீன் பென்சிலை எடுத்துக் காலண்டருக்குக் குனிந்தாள். பாதிப் பெயர் எழுதியிருப்பாள்.

"என்ன மீன் நடீன்?" என்று காபி இயந்திரத்துக்குப் பின்னாலிருந்து ஓரின் கேட்டான்.

நடீன் மெதுவாகத் திரும்பினாள். பதினெட்டு வருஷத்தில் அவளை யாரும் கேட்டிராத கேள்வி. அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது, அதை மறைக்கவும் அவளால் முடியவில்லை.

"ட்ரவுட்டு," என்றாள்.

"எவ்ளோ நீளம்?"

நடீன் பென்சிலை வைத்துவிட்டு, இரண்டு கையையும் முடிந்த மட்டும் அகல விரித்தாள்.