இரண்டு நாலாம் மைல்கள்

பக்கத்து வீட்டில் வெள்ளையடிக்கிறார்கள். ஈரச் சுண்ணாம்பு வாசனை ஜன்னல் வழியாக வந்ததும் என் கை தானாகச் சுண்ணாம்பு மட்டையைத் தேடியது. சிரிக்காதீர்கள். என் முதல் உத்தியோகமே மைல்கல்லுக்கு வெள்ளையடித்து, அதன்மேல் கறுப்பில் நம்பர் எழுதுவதுதான்.

ஆம்பூரிலிருந்து பேரணாம்பட்டு போகிற பன்னிரண்டு மைல் ரோடு. கேழ்வரகுக் கொல்லை, புளியமரம், மறுபடி கொல்லை என்று போகும். தோல் பதனிடும் ஷாப்புகளுக்கு ஆவாரம்பட்டை ஏற்றிவரும் வண்டிகளின் வாடை எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஊர் நெருங்கினால் வருகிற நாற்றம் வேறு கதை.

அதுவரை ஆம்பூரிலிருந்து மைலை எண்ணினார்கள். திடீரென்று, பேரணாம்பட்டிலிருந்து எண்ணச் சொல்லி உத்தரவு. ஏனென்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. அந்தப் பக்கமிருந்து மாற்றி எழுதிக்கொண்டே வந்தேன். பாதி ரோடு முடிந்தபோது எட்டாம் கல் நாலாகியிருந்தது. ஆம்பூர்ப் பக்கத்துப் பழைய நாலும் அப்படியே நின்றது.

எட்டாம் கல்லருகே குடிசை போட்டிருந்த ரோடு கூலி முனுசாமி குழம்பிப்போனான்.

"எட்டுல தானே சார் இருந்தேன்? ஒரே நாள்ல நாலுக்கு எப்டி வந்தேன்?"

"இனிமே நாலுன்னுதான் சொல்லணும்" என்று அதட்டினேன். இருபது வயதில் கிடைத்த அதிகாரம்!

சில நாள் கழித்து, பெயிண்ட் வாங்க ஆம்பூர் வந்திருந்தேன். வண்டிக்கு வண்டி கைமாறி ஒரு சேதி வந்தது. நாலாம் மைலில் யாரோ ஒருத்திக்குப் பிரசவவலி, பிள்ளை சிக்கிக்கொண்டது, வட்டாரத்துக்கே ஒருவரான ஆம்பூர் நர்ஸம்மா உடனே வரவேண்டும். வழிகாட்ட நானே நர்ஸம்மாவோடு ஜட்காவில் ஏறினேன். புது நம்பரை யார் நினைவில் வைத்திருக்கப் போகிறார்கள் என்று பழைய நாலில் நிறுத்தினேன். அங்கே வீடே இல்லை. கொல்லைகளில் இறங்கித் தேடினோம்.

"இன்னா சார், நீயே நம்பர் எழுதுற, நீயே முழிக்கிற!" என்றார் ஜட்காக்கார பாய்.

அப்போதுதான் உறைத்தது. அந்த ரோட்டிலேயே புது நம்பரைச் சொல்லக்கூடியவன் ஒருவன்தான். நான் அதட்டியவன்.

குதிரை நுரைதள்ள ஓடியது. முனுசாமியின் மனைவி பிழைத்துக்கொண்டாள். பிள்ளை பிழைக்கவில்லை. இன்னும் கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் என்று தொடங்கிய நர்ஸம்மா, என்னைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

முனுசாமி என்னைத் திட்டவில்லை. "நாலுன்னு தானே சார் சொல்லி அனுப்னேன்? சரியாத்தானே சொன்னேன்?" என்று திரும்பத் திரும்பக் கேட்டான்.

இப்போது மைல் போய்க் கிலோமீட்டர் வந்துவிட்டது. அந்தக் குடிசை இருந்த இடம் எதுவென்று என்னால் காட்ட முடியாது. முனுசாமியும் போய்ச் சேர்ந்துவிட்டான். சரியாகத்தான் சொன்னாய் என்று அவனிடம் நான் கடைசிவரை சொல்லவே இல்லை.