ஏழரை மணிக்கு இல்லாத நட்சத்திரம்

சிப்பிகாட் போகும் சாலையில் நடந்துகொண்டிருந்தபோது வாயில் இன்னும் அந்த விடுதியின் பக்கோடா நாறியது. மூன்று நாள் பழைய எண்ணெய். தோளில் ஒரு பை, அதில் இரண்டு சட்டை, ஒரு டார்ச். தீவின் மேற்குக் கடற்கரை முதுகுக்குப் பின்னால் இருந்தது. திரும்பியிருந்தால் துப்பியிருப்பேன்.

அங்கே விடுதியில் தங்க வருகிறவர்களுக்கு நான் நட்சத்திரம் காட்டுகிறவன். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனது. கப்பலேறி இந்தத் தீவுக்கு வந்து மூன்று வருடம் மீன்பிடிப் படகில் கிடந்தேன். அதில் மிச்சமானது முதுகுவலியும் அகத்திய நட்சத்திரமும்தான். தெற்கு வானத்தில் தாழ்வாக நிற்கும். வானத்திலேயே இரண்டாவது பளிச்சென்ற நட்சத்திரம். ஆகஸ்டில் விடியுமுன் தென்கிழக்கில் தலைகாட்டும், ஆனால் மழை மேகம் விடாது. நவம்பர் வரை அதே கதை. டிசம்பர் நடுவில் ஏழு மணிவாக்கில் கடலைவிட்டு எழும். பிப்ரவரியில் எட்டு மணிக்கு நேர் தெற்கே நிற்கும். பார்க்க அதுதான் நல்ல காலம். ஏப்ரலில் இருட்டும்போதே தென்மேற்கில் சரிந்திருக்கும். மே பாதி தாண்டினால் தேட வேண்டாம். ஜூனில் கேட்கிறவனுக்கு டிசம்பரில் வா என்பதுதான் பதில்.

விடுதிக்காரர் ராமநாதபுரத்திலிருந்து வந்து கான்ட்ராக்ட் எடுத்துப் பெரியாள் ஆனவர். மே மாதம் வாசலில் பலகை வைத்தார்: அகத்தியர் தரிசனம், மாலை ஏழரை. நேரத்தைச் சென்னையில் அச்சடித்த அட்டவணையிலிருந்து எடுத்திருந்தார். மெயின்லேண்டிலும் இங்கேயும் கடிகாரம் ஒன்றுதான், வானம் ஒன்றல்ல. கிழக்கே தள்ளி இருப்பதால் இங்கே சூரியன் முன்னாடியே விழுகிறது, நட்சத்திரமும் அப்படித்தான். சென்னையில் ஏழரைக்குத் தெரிவது இங்கே அதற்குள் முங்கிவிடும்.

"அண்ணே, ஆறேகாலுக்கு வச்சாத்தான் தெரியும்" என்றேன்.

"அரே, ஆறேகாலுக்கு எவன்டா வருவான்? அப்பத்தான் கடல்லருந்து ஏறிக் குளிக்கவே போவானுங்க. ஏழரைக்கு டீ, பக்கோடா, அப்புறம் அகத்தியர். அட்டவணை போட்டவன் படிச்சவன். நீ?"

முதல் நாள் ஏழரைக்குத் தென்மேற்கில் ஒன்றுமில்லை. அவர் என் காதருகே வந்தார். "மேல லைட்டு மாதிரி ஒண்ணு எரியுதுல்ல, அதைக் காட்டு. சலேகா, அது போதும்."

அது சிரியஸ். எல்லாவற்றிலும் பளிச்சென்றது, ஆகவே பொய்க்கு வசதியானது. காட்டினேன். நான்கு மாலை காட்டினேன். ஆட்கள் அண்ணாந்து "வாவ்" என்றார்கள், செல்போனை நீட்டினார்கள், எச்சில் கப்புகளை மணலில் எறிந்துவிட்டுப் போனார்கள். நான் பொறுக்கினேன். அதைவிட, பொய்யைச் சுட்டிக் காட்டிய என் கைவிரல்தான் எனக்கு அருவருப்பாக இருந்தது.

ஐந்தாம் மாலை மதுரைப் பக்கத்து அம்மா ஒருவர் கணவரோடு வந்தார். எல்லோருக்கும் முன்னால் வந்து என் பக்கத்திலேயே நின்றுகொண்டார்.

"சின்னப் புள்ளையில எங்கண்ணன், அந்தா அகத்தியருன்னு காட்டுவான் தம்பி. எல்லாரும் தெரியுதும்பாக. எனக்கு எட்ட இருக்கறது எதுவும் தெரியாது. சிரிப்பாகளேன்னு நானும் தெரியுதுன்னே சொல்லிட்டேன். இப்பத்தான் ரெண்டு கண்ணுக்கும் ஆபரேசன் ஆச்சு. பாத்துப்புடணும்."

"வீட்ல பல்லியையே இப்பத்தான் பாக்குறா. பாத்துட்டு ஊரைக் கூட்டுறா" என்றார் கணவர்.

"நீங்க சும்மா இருங்க."

விடுதிக்காரர் கையை அசைத்தார். நான் சிரியஸைக் காட்டினேன். அந்த அம்மா முகத்தை நிமிர்த்தி, ஒரு கண்ணை மூடிப் பார்த்தார், பிறகு மறு கண்ணை மூடிப் பார்த்தார்.

"தெரியுது தம்பி. சத்தியமாத் தெரியுது. இந்தவாட்டி பொய் இல்ல."

நீட்டிய கையை இறக்கினேன்.

"அம்மா, அது அகத்தியர் இல்ல. அவர் அப்பவே இறங்கிட்டாரு. நான்தான் பொய் சொன்னேன்."

கூட்டம் சலசலத்தது. "பாகல் ஆயிட்டியாடா, பைத்தியக்காரா?" என்று விடுதிக்காரர் என் தோளைப் பிடித்து இழுத்தார். அந்த அம்மா அவரைக் கவனிக்கவில்லை.

"அப்ப எப்பத்தான் தெரியும்?"

"நாளைக்கு ஆறேகாலுக்கு இதே இடத்துல நில்லுங்க. கடலுக்கு ஒரு சாண் மேல, இதுக்கு இடதுபக்கம் கீழே."

"நாளைக்கு விடியக்காலையே கெளம்புறோமே தம்பி" என்றார் கணவர். அவர் குரலில் இப்போது கேலி இல்லை.

"அப்ப ஊர்லயே பாருங்க. தை பொறந்ததும், ராத்திரி எட்டரை மணி. உங்க ஊர்ல தெற்கே மறைப்பு இல்லாத எடம் இருக்கா?"

"கண்மாய்க்கரை இருக்கு" என்றார் கணவர்.

"அங்க நில்லுங்க. மொதல்ல இப்பப் பாத்ததைத் தேடுங்க. அதுக்குக் கீழே, வலதுபக்கமாத் தள்ளி, தனியா ஒண்ணு நிக்கும். அதான்."

"தை, எட்டரை, கீழே வலதுபக்கம்" என்று அந்த அம்மா இரண்டு முறை சொல்லிக்கொண்டார். எனக்கு நன்றி சொல்லவில்லை. பொய் சொன்னவனை எப்படிப் பார்ப்பார்களோ அப்படித்தான் பார்த்தார். அது நியாயம்.

"பையை எடுத்துட்டு ஓடிரு" என்றார் விடுதிக்காரர். பை ஏற்கெனவே கட்டியேதான் கிடந்தது. எந்த இடத்திலும் நான் அதை முழுதாக அவிழ்த்ததில்லை.

சிப்பிகாட்டில் ஒரு கடையின் தாழ்வாரத்தில் படுத்தேன். கொசு தின்றது. காலையில் பாக்குத் தோட்டக்காரர் ஒருவர், சாணிக்குழி வாரத் தெரியுமா என்று ஹிந்தியில் கேட்டார். தெரியும் என்றேன். மண்வெட்டியைக் கொடுத்தார். குழிக்குள் முழங்கால் வரை இறங்கினேன்.