பார்க்குக்குள் போகாத பேச்சியக்கா

பேச்சியக்காவை எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. அவள் என் கணவரின் அண்ணன் தளவாயின் மனைவி. ஒரே வீட்டில், ஒரே அடுப்பங்கரையில் அவளோடு மல்லுக்கட்டியவள் நான். இருந்தாலும் அவளைப் பற்றி யாராவது எழுதத்தான் வேண்டும். அவள் புருஷனைப் பற்றி வியாபாரிகள் சங்க மலரில் முழுப்பக்கம் போட்டோவோடு வந்துவிட்டது. அதில் அவள் பெயர்கூட இல்லை.

சங்கரன்கோவில் பக்கத்து ஊரிலிருந்து திருவனந்தபுரத்தில் சாலை என்கிற கடைத்தெருவுக்கு வாக்கப்பட்டு வந்தவள் அவள். கீழே தளவாயின் அரிசி, பருப்பு மொத்தக்கடை, பின்கட்டில் குடோன், மாடியில் வீடு. கடையில் வேலை செய்பவர்கள் எல்லாரும் ஊர்ப்பக்கத்து ஆட்கள். குடோனில் படுப்பார்கள், முதலாளி வீட்டில் சாப்பிடுவார்கள். சாலையில் தமிழர் கடைகளில் அதுதான் வழக்கம். "என் கடை ஆளு ஹோட்டல்ல கை நனைக்க மாட்டான்" என்று தளவாய் பெருமையடித்துக்கொள்வார். அந்தப் பெருமைக்குப் பொங்கிக் கொட்டியது யார் என்பதை மட்டும் அவர் சொல்லிக் கேட்டதில்லை. மூன்று வேளையும் பன்னிரண்டு ஆண்களுக்குச் சமைத்தாள் அக்கா. மகளைப் பெற்று, வளர்த்து, மதுரையில் கட்டிக்கொடுத்த பிறகும் அதே அண்டா, அதே அடுப்பு. நான் மருமகளாக வந்ததும் கூடமாட உதவிக்கு ஒருத்தி கிடைத்தாள், அவ்வளவுதான். காய் நறுக்குவதில்கூட என்னைக் குறை சொல்லுவாள்.

இரண்டாயிரத்து இரண்டு ஓணத்துக்கு, நன்றாக விற்றுக்கொடுத்த கடைக்காரர்களை ஒரு எண்ணெய்க் கம்பெனி தன் செலவில் இரண்டு நாள் உல்லாசமாகப் போய்வரச் சொன்னது. கழக்கூட்டத்துக்கு அப்பால் புதிதாக ஒரு தண்ணீர் பார்க், அதை ஒட்டியே ரிசார்ட் ஹோட்டல். தளவாய், அக்கா, நான், என் கணவர் செல்வகணேஷ் என்று நால்வரும் போனோம். கடை ஆட்களுக்கு அந்த இரண்டு நாளும் பக்கத்துக் கடைக்காரர் வீட்டில் சாப்பாடு. அதையே பெரிய மானக்கேடாக நினைத்துப் புலம்பிக்கொண்டு வந்தார் தளவாய்.

பார்க்குக்குக் கிளம்பும்போது அக்கா தலைவலி என்று கட்டிலில் படுத்துவிட்டாள். நாங்கள் நாள் முழுக்க நனைந்து, வழுக்கி விழுந்து, மூக்கில் தண்ணீர் ஏறித் திரும்பினோம். அவள் தலைக்குக் குளித்து, முடியை விரித்துப் போட்டு, ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் சாப்பிட்ட தட்டு கழுவாமல் கிடந்தது. நான் பழக்கதோஷத்தில் அதை எடுக்கப் போனேன்.

"தொடாத. அவனுவளே வந்து எடுப்பானுவ, கேட்டியா" என்றாள்.

அவள் முகத்தில் அப்படியொரு சந்தோஷத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மறுநாளும் அவள் பார்க் வாசலை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. மூன்று முறை டீ வரவழைத்துக் குடித்திருக்கிறாள்.

அடுத்த ஓணத்துக்கு அதே ஹோட்டலுக்குப் போகவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். அவள் எதையும் கேட்டதே இல்லை என்பதால் தளவாய்க்கு மறுக்க வழி தெரியவில்லை. ஆனால் ஆட்களை இன்னொருவர் வீட்டுக்கு அனுப்ப மனம் வரவில்லை. ஆகவே அவர்கள் இரண்டு பேர் மட்டும் போக, சமையல் முழுக்க என் தலையில் விழுந்தது. வருஷாவருஷம் இதுவே நடந்தது. ஊரெல்லாம் திருவோணம் கொண்டாட, நான் அண்டாவோடு மாரடித்தேன். அவள் திரும்பி வந்து, மெத்தை எப்படி, இட்லிக்கு எத்தனை சட்னி என்று சொல்லும்போது அந்த வாயை அடைக்கவேண்டும் போலிருக்கும்.

தளவாய்க்கும் வயிற்றெரிச்சல்தான். பார்க்குக்குள் போகாதவளுக்கு அந்த ஹோட்டல் எதற்கு, தூங்குவதற்கு வீட்டில் பாய் இல்லையா என்று கடையில் உட்கார்ந்து ஊரைக் கூட்டிச் சொல்லிச் சிரிப்பார். அக்கா காதில் வாங்கிக்கொள்ளவே மாட்டாள். ஆடி பிறந்தால் போதும், பெட்டியைத் தட்டி வெயிலில் வைத்துவிடுவாள். அந்த இரண்டு நாளை நம்பித்தான் மீதி வருஷத்தைத் தள்ளினாள். அது எனக்குத் தெரியும். தெரிந்ததால் இன்னும் எரிச்சல்.

இரண்டாயிரத்து ஆறு ஓணத்துக்குத் தளவாய் என்கிற மேதாவிக்கு ஒரு யோசனை உதித்தது. ஆட்கள் எல்லாரையும் பார்க்குக்குக் கூட்டிப்போவது. ரிசார்ட்டிலேயே அடுக்களை உள்ள பெரிய காட்டேஜாகப் பார்த்து எடுப்பது. ஆட்களுக்கும் சந்தோஷம், அக்காவுக்கு ஹோட்டலுக்கு ஹோட்டல், வீட்டுச் சாப்பாட்டுக்கு வீட்டுச் சாப்பாடு. அக்காவிடம் மூச்சு விடவில்லை. போய் இறங்கியதும் ஆச்சரியப்பட்டுப் போவாள் என்று நினைத்தாராம். மனுஷன் உண்மையிலேயே அப்படித்தான் நினைத்தார். அதுதான் இன்றைக்கும் என்னால் ஜீரணிக்க முடியாதது.

நாங்கள் நால்வரும் காரில் போய் இறங்க, பின்னாலேயே வந்த வேனிலிருந்து ஆட்களோடு அரிசி மூட்டை இறங்கியது. எங்கள் வீட்டு அண்டாவும் இறங்கியது. அக்கா அதைப் பார்த்தாள். காட்டேஜுக்குள் போய் அடுக்களையைப் பார்த்தாள். வெளியே வந்து எல்லார் முன்னாலும் அமைதியாகச் சொன்னாள்.

"இங்க வந்து நான் ஒரு பருக்கை பொங்க மாட்டேன்."

"பின்னே என்னத்துக்குட்டி வந்தே? பஸ்ஸப் புடிச்சு வீட்டுக்குப் போ" என்று கத்தினார் தளவாய்.

போவாள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கேட்டைத் தாண்டி நடந்து, எங்கள் வீட்டுப் பக்கம் போகும் கிழக்கேகோட்டை பஸ்ஸில் ஏறிவிட்டாள். தளவாய் என் பக்கம் திரும்பி, "நீ அடுப்பப் பத்தவை" என்றார். என் கணவர் துண்டை எடுத்துக்கொண்டு பார்க் பக்கம் நடந்தார். ஆட்கள் தண்ணீரில் கும்மாளமடிக்க, நான் பொங்கினேன். அக்காவை ஒவ்வொரு பானைக்கும் ஒருமுறை சபித்தேன். இரண்டாம் நாள் காலையில், இனிமேல் முடியாது என்று கரண்டியைப் போட்டுவிட்டேன். அதில் பெரிய சண்டை. மதியச் சாப்பாட்டுக்கு வழியில்லாமல் எல்லாரையும் வேனில் ஏற்றிக்கொண்டு திரும்பினார் தளவாய்.

மாடிப்படிக் கதவு உள்பக்கம் தாழிட்டிருந்தது. தட்டினார், பெயர் சொல்லிக் கூப்பிட்டார். சாலையில் ஓணத்துக்குக் கடைகள் பூட்டியிருந்தாலும் எதிர்வரிசைத் தமிழ்க் குடும்பங்கள் எல்லாம் வாசலில்தான் இருந்தன. மேலே ஜன்னல் திறந்தது. அக்கா ஈரத்தலையோடு நின்றாள். கையில் டீ கிளாஸ், பக்கத்தில் ஜன்னல் விளிம்பில் ஹோட்டல் பார்சல் பொட்டலம்.

"நாளைக்கு மத்தியானம் வரைக்கும் இந்த வீடு எனக்கு. அதுக்கப்புறம் வாங்க" என்றாள்.

தளவாய் என்னவெல்லாமோ திட்டினார், பிறகு கெஞ்சினார். ஆட்கள் பசித்த வயிற்றோடு தரையைப் பார்த்து நின்றார்கள். அண்டா என் இடுப்பில் இருந்தது. வரும் வழியெல்லாம் அவளை என்ன கேட்கவேண்டும் என்று அடுக்கி வைத்திருந்தேன், ஒவ்வொன்றும் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி.

அவள் என்னைத்தான் பார்த்தாள்.

"பிரேமா, நீ மட்டும் வா."

படியிறங்கும் சத்தம் கேட்டது. கதவு ஒரு ஆள் நுழையும் அளவுக்குத் திறந்தது. நான் அண்டாவைக் கொண்டுபோய்த் தளவாயின் கையில் கொடுத்தேன். அன்று காலை வரை மூத்தவர் முன்னால் நான் நின்று பேசியதுகூட இல்லை. அவர் வாங்கிக்கொண்டார், வேறென்ன செய்வார். என் கணவர் பின்னாலேயே வரப்பார்த்தார். நான் உள்ளே போய்த் தாழ்ப்பாளை நானே போட்டேன்.