உடும்பஞ்சோலையில் மூன்றாம் பிறை

மகள் வீட்டுக்குப் போகிற வழியில், உடும்பஞ்சோலை தாண்டி ஒரு டீக்கடை முன்னால் பஸ் நிற்கிறது. பொழுது இறங்கிவிட்டது. இன்று மூன்றாம் பிறை. கல்யாணம் ஆனதிலிருந்து என் வீட்டுக்காரி சரசு பிறை கும்பிடாமல் இருந்ததில்லை. சர்க்கரையால் கண் மங்கிய பிறகு, நான் கை காட்டும் பக்கம் திரும்பிக் கும்பிடுகிறாள். தெரிகிறதா என்று நான் கேட்பதில்லை.

கடை வாசலில் ஸ்டாண்டின் மேல் பீரங்கி போல ஒரு பைனாகுலர். கடைக்காரர் சேவியர் நட்சத்திரம் பார்க்கவென்றே வாங்கி வைத்திருக்கிறாராம். சங்கதியைச் சொன்னதும் அதை மேற்கே, ஏலக்காட்டு மலைக்கு மேல் திருப்புகிறார்.

"வாங்கக்கா, ரெண்டு கண்ணையும் இதுல வைங்க. கைய மட்டும் வச்சிராதீங்க, ஆடிரும்."

சரசு குனிகிறாள்.

"ஏனுங்க, பிறை தெரியுதுங்க. மிச்ச நிலாவும் திருநீறு பூசுனாப்பல உள்ளயே இருக்குதுங்க."

பிறை பார்த்த கண் அடுத்துப் பார்ப்பது நல்லதாக இருக்கவேண்டும் என்பார்கள். வழக்கமாகத் தாலியைத்தான் பார்ப்பாள். இப்போது கண்ணை மூடிக்கொண்டே நிமிர்கிறாள்.

"தங்கத்தப் பாக்கணுமாக்கா? கடையில ஏலக்கா இருக்கு. அதுவும் இப்பத் தங்கந்தான்," என்று சேவியர் சிரிக்கிறார்.

அவள் கை துழாவி என் தோளைப் பிடிக்கிறது.

"கொஞ்சம் கிட்ட வாங்க," என்கிறாள். என் முகத்துக்கு நேராகக் கண்ணைத் திறக்கிறாள்.

டிரைவர் ஹாரன் அடிக்கிறார். முருகா, இன்னும் கொஞ்ச நேரம் என்று வேண்டிக்கொண்டு நான் அசையாமல் நிற்கிறேன்.