எமில்டா அக்கா கேட்டுக்கொண்டிருந்த மறுப்பு

எமில்டா அக்கா இறந்த செய்தி எனக்கு ஓர் அச்சு வேலையாகத்தான் வந்தது. அஜின்கோர்ட்டில் கல்யாண அட்டையும் கண்ணீர் அஞ்சலித் துண்டுப்பிரசுரமும் அடிக்கிற கடை என்னுடையது. அக்காவின் நாவல்கள் எல்லாவற்றையும் பக்கம் அமைத்து அச்சிட்டவனும் நான்தான். காலையில் கடையைத் திறந்துகொண்டிருந்தபோது அவருடைய மகள் ஷரோன் அழைத்தாள். "அங்கிள், அம்மா போயிட்டா. வியூவிங்கில அம்மாவைப் பார்க்க வாறவைக்குக் குடுக்க லீஃப்லெட் வேணும். எல்லாருக்கும் போடுறதையே போடுங்கோ, பேரை மட்டும் மாத்தினால் காணும்" என்றாள். பாவம், அந்த நேரத்தில் அந்தப் பிள்ளை வேறு என்ன சொல்லும்? அழுகை பிறகுதான் வந்தது, முதலில் வந்தது கோபம். அக்காவுக்கு அது பிடித்திருக்கும்.

அவரை அறிந்த உங்களுக்கு நான் அறிமுகம் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் இந்த நினைவுமலர் அறியாதவர் கைக்கும் போகும். மன்னாரில் பிறந்தவர், புலம்பெயர்ந்து வந்து ரெக்ஸ்டேலில் குடியிருந்தவர். மிசிசாகாவில் விமானங்களுக்குச் சாப்பாடு கட்டுகிற சமையற்கூடத்தில் வேலை. நாள் முழுக்க நின்று தட்டு அடுக்கிவிட்டு வீட்டுக்கு வந்து, உடுப்பு அயன் பண்ணுகிற பலகையின் மேல் தாளை வைத்து, நின்றபடியே எழுதுவார். ஒரு மேசை வாங்கித் தரட்டுமா என்று கேட்டேன். "வேண்டாம் தம்பி. நான் கதிரையில இருந்திட்டன் எண்டால் கதையும் இருந்திடும்" என்றார்.

ஸ்காபரோவில் நடந்த ஒரு வெளியீட்டு விழாவில், தலைவர் அவரை "ஓய்வு நேரத்தில் எழுதும் இல்லத்தரசி" என்று புகழ்ந்தார். பொன்னாடையைத் தோளிலிருந்து எடுத்து மடித்துவிட்டு அக்கா மைக்கைப் பிடித்தார். "எனக்கு ஓய்வு நேரம் கிடைச்சால் நான் படுப்பன். எழுதிறதுதான் என்ர வேலை. பிளேனுக்குச் சாப்பாடு அடுக்கிறது இடையில செய்யிறது." பின்வரிசையிலிருந்த ஓர் இளைஞன், எழுதும் உந்துதல் எங்கிருந்து வருகிறது என்று பணிவாகக் கேட்டான். "ஆராவது என்னோட கொளுவிச் சண்டைக்கு வரவேணும். கோபம் வராட்டி எனக்கு ஒரு வரியும் வராது" என்றார். மண்டபம் சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை. அது பகிடி என்று நினைத்தவர்கள் அவருடைய நாவல்களை வாசிக்காதவர்கள்.

கொளுவலை அவர் வெளியில் தேடிப் போகவும் தேவையில்லை. அவர் எழுதிய முறையே அதைக் கொண்டுவந்துவிடும். ஒருவரைப் பார்த்து ஓர் அத்தியாயம் எழுதினால், அதை அவரிடமே கொண்டுபோய் வாசித்துக் காட்டுவார். அதற்கு ஒரு சட்டம் வைத்திருந்தார். "நீங்கள் மறுத்துச் சொல்லலாம், சொன்னதையும் நாவலில போடுவன். ஆனால் வெட்ட ஏலாது." வேலைத்தலத்தில் அவருக்கு மேற்பார்வையாளராக இருந்த தேவராசா அண்ணைக்கு இப்படி வாசித்தபோது, மனுசன் தேத்தண்ணீரை வைத்துவிட்டு எழும்பிவிட்டார். "பொய்! நான் ஆரையும் மாடு எண்டு பேசினதில்லை. எருமை எண்டுதான் பேசினனான்!" அக்கா அதை எழுத்துப் பிசகாமல் சேர்த்தார். புத்தகம் வந்த பிறகு தேவராசா அண்ணை வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் அந்தப் பக்கத்தைக் காட்டி, "இது என்ர வசனம்" என்று சொல்லித் திரிந்தார்.

இன்னும் அச்சேறாத கடைசி நாவலில் என் முறை வந்தது. அக்கா பஸ் மாறி மாறி அஜின்கோர்ட்டுக்கு வந்து, தாள் வெட்டுகிற இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்று வாசித்தார். அதில் ஓர் அச்சுக்காரன் வருகிறான். செத்தவர் யாராக இருந்தாலும் "பாசத்தின் உறைவிடம், பண்பின் சிகரம்" என்ற ஒரே அஞ்சலியைப் பெயர் மாற்றி அடித்துக் கொடுக்கிறான். ஊரே ஒரே கண்ணீரை அழுகிறது. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "நானோ அக்கா கேக்கிறன்? சனம்தானே அதைக் கேக்குது!" என்று கத்தினேன். "நல்லது. உந்த மறுப்பை எழுதித் தாரும், சேர்க்கிறன்" என்றார். எழுதித் தரமாட்டேன் என்றேன். அவர் கோபிக்கவில்லை. "அப்ப என்ர அத்தியாயத்துக்குப் பிறகு ஒரு பக்கத்தை வெறுமையா விடும். நீர் தராட்டி அது வெறுமையாவே வரட்டும்" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

நோயில் விழுந்த பிறகு ஆஸ்பத்திரிக்குப் போனேன். சுகம் கேட்க வாயைத் திறக்கும் முன்பே, "மறுப்பு எங்க?" என்றார். "தரமாட்டன்" என்றேன். அவர் முகம் மலர்ந்ததை நான் கண்டேன். சுற்றி எல்லோரும் அவருக்கு ஓம், ஓம் என்று தலையாட்டிக்கொண்டிருந்த இடத்தில் நான் ஒருவன்தான் இல்லை என்றேன். அதுவே நாங்கள் கடைசியாகப் பேசியது.

ஆகவே அன்று காலை அழைத்த ஷரோனிடம் நான் முடியாது என்றேன். "பிள்ளை, உன்ர அம்மாவுக்கு அந்த வசனத்தைப் போடமாட்டன். நீ அழுதால் அம்மா என்ன சொல்லுவா?" அவள் விம்மிக்கொண்டே சிரித்தாள். "போங்கோ அங்கிள்... 'அழுறதெண்டால் அழு, காரணத்தைச் சொல்லிப்போட்டு அழு' எண்டுதான்." படத்துக்குக் கீழே அந்த வரியைத்தான் அடித்தோம். வியூவிங்குக்கு வந்தவர்களில் சிலர் முகம் சுளித்தார்கள். தேவராசா அண்ணை அதை வாசித்துவிட்டு வாய்விட்டு அழுதார். அழுதுகொண்டே காரணமும் சொன்னார்.

இந்த மலரின் பொறுப்பாளர் நேற்று என்னை அழைத்தார். சண்டை சச்சரவுகளை எடுத்துவிட்டு, அன்பே உருவான அன்னை என்று எழுதித் தரும்படி கேட்டார். கடைசி நாவலிலும் அந்தக் கொளுவல்களைக் கொஞ்சம் குறைத்தால் நல்லது, நாலு பேர் மனம் நோகாது என்றார். நல்ல மனிதர், கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. ஆனால் மலரை அச்சிடுகிறவனும் நான், நாவலை அச்சிடுகிறவனும் நான். ஒரு சொல்லும் குறையாது. என்னைப் பற்றிய அத்தியாயத்திலும் குறையாது.

அக்கா, உங்கள் அத்தியாயம் பிழை. தாய் இறந்த வீட்டிலிருந்து அழைக்கிற பிள்ளைக்குச் சொல் வராது. தொண்டை அடைத்து நிற்கிறவர் கையில் கொடுக்க ஒரு பழைய வசனமாவது வேண்டும். பண்பின் சிகரம் என்பது பொய்யாக இருக்கலாம், அதைப் பிடித்துக்கொண்டு நின்றவர்களின் அழுகை பொய் இல்லை. உங்கள் ஒருத்திக்காக நான் வசனத்தை மாற்றினேன் என்பதற்காக, மற்றவர்களுக்கு அடித்துக் கொடுத்தது பிழை என்று ஒப்புக்கொள்ள மாட்டேன். நாளைக்கும் அடிப்பேன்.

உங்களிடமிருந்து நான் எனக்கென்று வைத்துக்கொள்வது இந்தச் சண்டை. அதை யாருக்கும் விட்டுத்தர மாட்டேன், சமாதானமும் செய்துகொள்ள மாட்டேன். இதுதான் நீங்கள் கேட்டுக்கொண்டிருந்த மறுப்பு. நாவலில் வெறுமையாக விடச் சொன்ன பக்கத்தில் இதைப் போடுகிறேன். இடம் காணாவிட்டால் இன்னொரு பக்கம் எடுப்பேன். இனி நீங்களே எழும்பி வந்து கேட்டாலும், அக்கா, வெட்ட ஏலாது.