தாமஸின் மேல் கட்டிய சீட்டு

மார்ட்டன்விக் ஊரில் சர் ரோஜர் ஸ்கெல்மரின் வாரிசாக இல்லாமல் காலம் தள்ளுவது அவ்வளவு சுலபமல்ல. 1361-இல் செத்துப்போன அந்த வீரரின் ரத்தம், ஊர் வம்சாவளிச் சங்கத்தின் நாற்பத்தோரு உறுப்பினர்களில் இருபத்துமூன்று பேருடைய உடம்பில் ஓடிக்கொண்டிருந்தது. கசாப்புக் கடைக்காரர் பெர்சி உடம்பில் ஓடியது. பல் மருத்துவர் உடம்பில் ஓடியது. டோரீன் கிளேபோலின் உடம்பிலும், அம்மா வழியாக, ஒழுங்காகவே ஓடியது. அந்த வம்ச மரத்தை அம்மா கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டிவிட்டுத்தான் கண்ணை மூடினார்.

டோரீன் முப்பத்தோரு வருஷம் பேருந்துப் பணிமனையில், பயணிகள் தவறவிட்ட பொருட்களுக்கான அறையில் வேலை பார்த்தவர். குடை என்னுடையது என்று எவர் வந்து நின்றாலும், "கைப்பிடி என்ன நிறம்?" என்பார். பொய்ப்பல் கேட்டு வந்த மேயரைக்கூட, "போட்டுக் காட்டுங்க" என்றவர். ஓய்வு பெற்ற பிறகு அதே வேலையைச் செத்தவர்களிடம் காட்டத் தொடங்கினார்.

சங்கத்தின் எழுபத்தைந்தாம் ஆண்டு மலருக்கு ஸ்கெல்மர் வம்சத்தைப் பற்றி எழுதும் பொறுப்பை அவரிடம் கொடுத்தது தலைவர் ஜாஸ்பர் ஸ்கெல்மர் செய்த பிழை. ஜாஸ்பர் முன்னாள் வீட்டுத் தரகர். சுவரெல்லாம் ஈரம் கசியும் வீட்டை, இயற்கையோடு இணைந்த இல்லம் என்று விற்றவர். அவர் கேட்டது ஒரு புகழுரை. அவருக்குக் கிடைத்தது ஒரு பிரேதப் பரிசோதனை.

இருபத்துமூன்று வம்சங்களும் தொங்கியது ஒரே ஆணியில்: சர் ரோஜரின் மகன் தாமஸ். டோரீன் லண்டன் ஆவணக் காப்பகத்துக்குப் போனார். நிலம் வைத்திருந்தவர் செத்தால், அரசரின் ஆள் வந்து உள்ளூரில் பன்னிரண்டு பேரைக் கூட்டி, சத்தியம் வாங்கி, வாரிசு யார் என்று விசாரிப்பது அந்தக் கால வழக்கம். ரோஜர் செத்தபோது எழுதிய தோல்சுருளில் பன்னிரண்டு பேரும் ஒரே குரலில் சொல்லியிருந்தார்கள்: பிள்ளை கிடையாது. வாரிசு, தங்கை ஆலிஸ். வயது முப்பதுக்கு மேல்.

கட்டுரையைப் படித்த ஜாஸ்பர், மறுநாளே சங்கக் கூடத்தின் சமையல்கட்டில், டோரீன் தேநீர்க் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தபோது வந்து நின்றார்.

"என்ன டோரீன் இது? நிலத்த ஒப்படைக்கறதுக்கு முன்னாடி சாட்சி வச்சு எடுத்த வயசு நிரூபணமே தாமஸுக்கு இருக்கே! பாதிரியார் ஹோல்டிச் 1834-லயே அச்சுல போட்டிருக்காரு. ஞானஸ்நானம் நடந்த நாள் எப்படி ஞாபகம் இருக்குன்னு ஆறு பேர் சாட்சி சொல்லியிருக்காங்க. ஒருத்தன் அன்னிக்குக் குதிரைலேர்ந்து விழுந்து கால ஒடிச்சுக்கிட்டான், ஒருத்தன் பொண்டாட்டிய அடக்கம் பண்ணினான், ஒருத்தன் வீடு எரிஞ்சுபோச்சு..."

"யார்க்ஷயர்ல வேறொரு பையனுக்கும் இதே ஆறு சாட்சி இருக்கு, ஜாஸ்பர். அதே கால், அதே பொண்டாட்டி, அதே தீ. வரிசைகூட மாறல. பேரை மட்டும் பாதிரியார் மாத்தியிருக்காரு."

"அந்தக் காலத்து எழுத்தருங்க எல்லாரும் ஒரே மாதிரிதானே எழுதுவாங்க!"

"வாஸ்தவம். அப்ப மூலம் எங்க? யார்க்ஷயர்க்காரனோட சுருள நான் கையால தொட்டுப் பாத்தேன். தாமஸோடது எங்கயுமே இல்ல. எந்தச் சுருள்னு பாதிரியாரும் சொல்லல. அவருக்கு முன்னாடி தாமஸைப் பத்திச் சொன்னது யாரு? 1592-ல வீடு வீடா வம்சம் பதிய வந்த குலச்சின்ன அதிகாரி. உங்க வீட்டு விருந்தச் சாப்பிட்டுட்டு, உங்க ஆளுங்க சொன்னத அப்படியே எழுதிட்டுப் போனவரு."

"அவர் ராணியோட அதிகாரிம்மா!"

"நல்ல பசியுள்ள அதிகாரி."

ஜாஸ்பர் குரலைத் தாழ்த்தினார். தரகர் குரல். "ஒரே ஒரு வரி சேத்துடுங்க. 'தாமஸ் இவருடைய மகன் எனக் கருத இடமுண்டு'ன்னு. எல்லாருக்கும் நிம்மதி."

"மாட்டேன்."

"அப்ப கட்டுரை வராது. செயற்குழுலயும் நீங்க இருக்க முடியாது. சனிக்கிழமை ஓட்டுக்கு விடறேன்."

"விடுங்க. அந்தத் துண்ட இப்படி எடுங்க, கோப்பை ஈரமா இருக்கு."

வீட்டில் கணவர் கிளிஃப், டோரீனின் அம்மா மாட்டிய வம்ச மரத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "ஏன் டோர், அவங்க மரத்த வெட்டினா இதுவும் சேந்து விழுமே?"

"விழட்டும்."

"அறுநூறு வருஷத்துச் சொந்தக்காரங்க..."

"ஒருத்தராவது கிறிஸ்துமஸுக்கு வாழ்த்து அட்டை அனுப்பினாங்களா?"

சனிக்கிழமை மதியம் கூடம் நிரம்பியது. பெர்சியின் மனைவி கேக் கொண்டுவந்திருந்தார். சுவரின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை வம்ச மரம். உச்சியில் சர் ரோஜர், அடியில் இருபத்துமூன்று பெயர்கள் தங்க மையில். டோரீனுக்கு ஐந்து நிமிடம் ஒதுக்கியிருந்தார்கள். அவர் எழுந்து நேரே மரத்தடிக்குப் போனார். சிவப்புப் பென்சிலை எடுத்து, அடியில் முதலில் தன் பெயரைத் தேடிப் பிடித்தார். அங்கிருந்து அம்மா, அம்மாவின் அப்பா என்று ஏறி, தாமஸ் வரைக்கும் ஒவ்வொரு கோடாக அடித்தார். பிறகு கைப்பையிலிருந்து பணிமனையில் பொருட்களுக்குக் கட்டும் பழுப்புச் சீட்டு ஒன்றை எடுத்து, தாமஸின் பெயரில் ஊசி குத்தி, நூலால் கட்டித் தொங்கவிட்டார்.

'பொருள்: மகன், ஒன்று. கண்டெடுத்தவர்: பாதிரியார் ஹோல்டிச். உரியவர் ஆதாரம் காட்டிப் பெற்றுக்கொள்ளவும்.'

பின்வரிசையில் யாரோ சிரித்துவிட்டு, இருமியதாக மாற்றிக்கொண்டார்.

ஓட்டெடுப்பு நடந்தது. டோரீனை நீக்க முப்பத்தொன்று, கூடாதென்று ஐந்து. பல் மருத்துவர் வாயில் கேக் இருந்ததால் நடுநிலை வகித்தார். வெற்றி பெற்ற ஜாஸ்பர் நேரே சீட்டை நோக்கிப் போனார்.

"ஒரு நிமிஷம் மிஸ்டர் ஸ்கெல்மர்," என்று டோரீன் பேனாவை நீட்டினார். "பணிமனை விதி. சீட்டை எடுக்கறவங்க பின்பக்கம் 'ஆதாரம் பார்த்தேன்'னு எழுதிக் கையெழுத்துப் போடணும்."

"இது பணிமனை இல்ல!"

"அப்ப எழுதறதுல என்ன கஷ்டம்?"

ஜாஸ்பர் பேனாவைப் பார்த்தார். முப்பது வருஷம் ஈரச் சுவர்களுக்கெல்லாம் யோசிக்காமல் கையெழுத்துப் போட்ட கை அது. இப்போது கோட்டுப் பையை விட்டு வெளியே வரவில்லை. "பெர்சி, நீங்க போடுங்களேன்."

"நானா? பேரு உங்களோடதுங்க. நான் வெறும் ஆட்டுக்கறிக்காரன்."

பேனா கைமாறிக் கைமாறி ஒரு சுற்று வந்து, மூடியே திறக்காமல் டோரீனிடம் திரும்பியது. அவர் அதைப் பையில் போட்டுக்கொண்டு, தன் பங்குக் கேக்கையும் ஒரு காகிதத்தில் சுற்றிக்கொண்டு வெளியேறினார்.

மலர் அந்தக் கட்டுரை இல்லாமல் வந்தது. சீட்டு இன்னும் அங்கேதான் தொங்குகிறது.

டோரீன் வீட்டில் அம்மாவின் மரம் தொங்கிய ஆணியில் இப்போது வேறொரு மரம் இருக்கிறது. குட்டையான மரம். உச்சியில் ஹியூ டன்னர்ட் என்பவன். 1587-இல் இவனுடைய பன்றி கல்லறைத் தோட்டத்தைக் கிளறிவிட்டதென்று பண்ணை நீதிமன்றம் இவனைத் தண்டித்தது. அங்கிருந்து டோரீன் வரை ஒவ்வொரு கோட்டுக்கும் காகிதம் உண்டு.

கிளிஃப் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார். "ஆக, சர் ரோஜர் போயி பன்னி மேய்ச்சவன் வந்துட்டான்."

"ஆமா, மேய்ச்சவன்தான்," என்றார் டோரீன், ஆணியைச் சுத்தியலால் இன்னொரு தட்டுத் தட்டி. "இல்லேன்னு ஜாஸ்பர நிரூபிக்கச் சொல்லு, பாக்கலாம்."